ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா: கிரேக்க எழுத்தோடு எகிப்து ஸ்ஃபிங்ஸ் எப்படி வந்தது?

செங்கை குமார்:

அனைவருக்கும் வணக்கம். மகள் வீட்டுக்கு வர்ஜீனியா வந்திருக்கிறேன். போன வாரம் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் நினைவிடத்துக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஒரு பெரிய கூட்டம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. எல்லாரும் கறுப்பின ஆண்கள். கல்லூரிப் பையன் முதல் கைத்தடி ஊன்றிய தாத்தா வரை எல்லார் மேலும் ஒரே மாதிரி ஜாக்கெட், கறுப்பும் மங்கிய தங்க நிறமும். முதுகில் மூன்று கிரேக்க எழுத்து, கைப்பக்கம் 1906, மார்பில் எகிப்து ஸ்ஃபிங்ஸ் படம், மனித முகமும் சிங்க உடலுமாக.

ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "இந்த நினைவிடத்தைக் கட்டவைத்ததே எங்கள் ஃபிரட்டர்னிட்டிதான், ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா" என்றார். ஃபிரட்டர்னிட்டி என்றால் ஆண் மாணவர்களின் சகோதரச் சங்கமாம். மகளிடம் கேட்டால், "அது காலேஜ் கிளப் மாதிரிப்பா" என்பதோடு முடித்துக்கொண்டாள். காலேஜ் கிளப்புக்கும் தேசிய நினைவிடத்துக்கும் என்ன சம்பந்தம்? எழுத்து கிரேக்கம், படம் எகிப்து, ஆட்கள் அமெரிக்கர்கள். ஒன்றோடொன்று ஒட்டவில்லையே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எனக்கு நேரம் நிறைய இருக்கிறது, நீளமாக எழுதினாலும் படிப்பேன்.

---

சதீஷ்_சான்ஹோசே:

சார், ரொம்ப யோசிக்காதீங்க. ஃபிரட்டர்னிட்டி என்றால் பெரிய வீடு, பீர், சனிக்கிழமை ராத்திரி சத்தம். எம்.எஸ். படித்தபோது எங்கள் தெருவிலேயே ஒன்று இருந்தது, தூங்க விட்டதில்லை. புதுப் பையன்களைப் போட்டு வறுத்தெடுப்பார்கள், நம்ம ஊர் ராகிங்தான். சின்னம், வரலாறு எல்லாம் மேல்பூச்சு.

---

மீனா_இத்தாக்கா:

குமார் சார், 1906 இல் அது தொடங்கிய ஊரிலேயே, நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்காவில், நான் இருக்கிறேன். நூலகத்தில் உள்ளூர் வரலாற்று அலமாரிகளோடு மல்லுக்கட்டுவது என் வேலை. நீளமாகப் படிப்பேன் என்று சொல்லி மாட்டிக்கொண்டீர்கள்.

சதீஷ் சொல்லும் பீர் வீடு பொய் இல்லை. ஆனால் அதைவைத்து இதை அளக்க முடியாது. இதைத் தொடங்கிய பையன்களில் சிலர், அப்படிப்பட்ட வீடுகளில் சாப்பாடு பரிமாறும் வேலை பார்த்தவர்கள்.

கார்னெல் பல்கலைக்கழகம் மலை மேல், ஊர் கீழே. யார் வந்தாலும் எந்தப் படிப்பும் கிடைக்கிற இடமாக இருக்க வேண்டும் என்று அறிவித்துத்தான் எஸ்ரா கார்னெல் 1865 இல் அதை நிறுவினார். கறுப்பின மாணவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்ததோடு சரி. தங்க இடம், சேர்ந்து படிக்க ஆள், சாயங்காலம் போய் உட்கார ஒரு கூடம், எதுவும் கிடையாது. 1904-05 கல்வியாண்டில் அங்கே படித்த ஆறு கறுப்பின மாணவர்கள் அடுத்த ஆண்டு திரும்பி வரவில்லை. எனக்கு இந்தக் கதை முழுக்க அந்த ஆறு பேரிலிருந்துதான் தொடங்குகிறது. அடுத்து வந்தவர்கள் முதலில் யோசித்தது ஜாக்கெட்டும் சின்னமும் அல்ல, படிப்பை முடித்து வெளியே வருவது எப்படி என்பதைத்தான்.

அவர்கள் கீழே, ஊருக்குள், கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளை நம்பி இருந்தார்கள். வட ஆல்பனி தெருவில் 421 ஆம் எண், நியூட்டன் என்பவர் வீடு. அங்கே கூடிப் பாடம் படிப்பது, கட்டுரை வாசிப்பது, விவாதிப்பது என்று ஓர் இலக்கியச் சங்கம் உருவானது. அதை முன்னின்று நடத்தியவர் சார்ல்ஸ் பாயின்டெக்ஸ்டர், மற்றவர்களைவிட மூத்தவர்.

அப்புறம் சங்கத்துக்குள் ஒரு சண்டை. இலக்கியச் சங்கமாகவே இருக்கட்டும் என்று ஒரு பக்கம். இல்லை, ஃபிரட்டர்னிட்டியாக்க வேண்டும் என்று இன்னொரு பக்கம். பாயின்டெக்ஸ்டர் முதல் பக்கம். ஃபிரட்டர்னிட்டி என்பது அன்றைக்கு வெள்ளை மாணவர்களின் வழக்கம், நமக்கு எதற்கு என்ற தயக்கத்தை நம்மால் எளிதாகப் புரிந்துகொள்ள முடியும். ஆனால் பரிமாறப் போன பையன்கள் வேறொன்றையும் பார்த்திருக்கிறார்கள். ஒரு வீடு, ஒரு பெயர், பட்டம் வாங்கிய பிறகும் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் கூட்டம். படிப்பு முடிந்ததும் கலைந்துபோகிற வாசகர் வட்டத்தால் அது முடியாது. நான் அங்கே இருந்திருந்தால் இரண்டாவது பக்கத்துக்குத்தான் கை தூக்கியிருப்பேன்.

1906 அக்டோபரில் ஜார்ஜ் கெல்லி என்ற பொறியியல் மாணவர் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற எழுத்துகளைப் பெயராக முன்மொழிந்தார். ராபர்ட் ஓகில் கறுப்பு, தங்கம் என்று நிறம் சொன்னார். ஃபிரட்டர்னிட்டி ஆவது என்று முடிவெடுத்தது டிசம்பர் 4. தேதிகளைக் கவனியுங்கள்: நீங்கள் ஜாக்கெட்டில் பார்த்த எழுத்தும் நிறமும், அது ஃபிரட்டர்னிட்டி ஆவதற்கு முன்பே வந்துவிட்டன. பாயின்டெக்ஸ்டர் விலகிவிட்டார்.

நிறுவனர்களை "ஏழு ரத்தினங்கள்" என்பார்கள். ஹென்றி காலிஸ், சார்ல்ஸ் சாப்மன், யூஜின் கிங்கில் ஜோன்ஸ், ஜார்ஜ் கெல்லி, நதானியல் மர்ரி, ராபர்ட் ஓகில், வெர்ட்னர் டாண்டி. பாயின்டெக்ஸ்டர் பெயர் இதில் இல்லை. சங்கத்தை நடத்தியவர் அவர், பட்டியலில் இடமில்லை. ஜோன்ஸ் ஏழு பேரில் ஒருவர் என்பதே 1952 இல்தான் முடிவாக உறுதியானது; அவர் இறந்தது 1954. சின்னங்களில் கல்லில் பொறித்ததுபோல் நிற்கும் "ஏழு" கூட, பல வருடம் பேசித் தீர்த்த கணக்குதான்.

இனி ஸ்ஃபிங்ஸ். கிரேக்க எழுத்து வந்தது அமெரிக்கக் கல்லூரி வழக்கத்திலிருந்து. அந்த எழுத்து இல்லாவிட்டால் யாரும் ஃபிரட்டர்னிட்டி என்று மதிக்க மாட்டார்கள். ஆனால் படத்துக்கு அவர்கள் ஏதென்ஸுக்குப் போகவில்லை, எகிப்தின் கீசாவுக்குப் போனார்கள். உங்களுக்கு ஒட்டவில்லை என்று பட்டது, அவர்கள் வேண்டுமென்றே செய்தது. உன் முன்னோருக்கு வரலாறே இல்லை என்று பாடப்புத்தகம் சொன்ன காலத்தில், ஆப்பிரிக்க மண்ணில் நிற்கும் அந்தக் கல்லைக் காட்டிப் பதில் சொல்வது கறுப்பின எழுத்தாளர்களிடமும் பேச்சாளர்களிடமும் பரவலாக இருந்தது. 1914 இல் தொடங்கிய அவர்கள் பத்திரிகையின் பெயரும் ஸ்ஃபிங்ஸ்தான்.

பூ மஞ்சள் ரோஜா. குறிக்கோள்கள் மூன்று: ஆண்மைக்குரிய செயல், கல்வி, மனிதகுலம் முழுவதன் மேலும் அன்பு. அவர்கள் பின்னை, சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னத்தை, வரைந்தவர் டாண்டி.

இந்த டாண்டியைப் பற்றி நான் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன், எனக்குப் பிடித்தவர். கென்டக்கியில் லெக்சிங்டன் ஊர்க்காரர். அப்பா கட்டட ஒப்பந்ததாரர். கார்னெலில் கட்டடக்கலை படித்தார். நியூயார்க் மாநிலத்தில் பதிவு பெற்ற முதல் கறுப்பினக் கட்டடக் கலைஞர் இவர்தான். ஹார்லெமில் புனித பிலிப் தேவாலயத்தை இன்னொரு கறுப்பினக் கலைஞர் ஜார்ஜ் ஃபாஸ்டரோடு சேர்ந்து வடிவமைத்தார். அதன் பிறகு, கூந்தல் பராமரிப்புப் பொருள் விற்றுப் பெரும் செல்வம் சேர்த்த மேடம் சி.ஜே. வாக்கருக்கு ஹட்சன் ஆற்றங்கரையில் இர்விங்டனில் வில்லா லெவாரோ என்ற மாளிகை கட்டிக்கொடுத்தார். 1918 இல் முடிந்தது. நியூயார்க்கிலிருந்து வடக்கே ரயிலில் போனால் அந்த ஊர் வழியாகத்தான் போவீர்கள்.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜோன்ஸ், கறுப்பின மக்களின் உரிமைக்கும் வேலைவாய்ப்புக்கும் உழைத்த நேஷனல் அர்பன் லீக் அமைப்பைப் பல ஆண்டு வழிநடத்தினார். கெல்லி நியூயார்க்கில் பதிவு பெற்ற முதல் கறுப்பினப் பொறியாளர். காலிஸ் டாக்டராகி வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்பித்தார். ஏழு பேரில் கடைசியாக இருந்தவர் அவர், 1974 வரை. சாப்மனும் மர்ரியும் விவசாயக் கல்வி கற்பிக்கப் போனார்கள். ஓகில் வாஷிங்டனில் செனட் குழு ஒன்றில் வேலை பார்த்தார்.

ஒரு ஊரோடு முடிந்திருந்தால் நீங்கள் வாஷிங்டனில் அவர்களைப் பார்த்திருக்க மாட்டீர்கள். 1907 லேயே இரண்டாவது கிளை ஹோவர்டில், மூன்றாவது வர்ஜீனியா யூனியன் பல்கலைக்கழகத்தில். இரண்டையும் தொடங்கிவைத்தவர் ஜோன்ஸ். வர்ஜீனியா யூனியன் அவருக்கு அந்நியம் இல்லை, அப்பா அங்கே பேராசிரியர். பட்டம் வாங்கிய பிறகும் உறுப்பினர் உறுப்பினர்தான், அதற்கென்று தனிக் கிளைகள் உண்டு. நீங்கள் பார்த்த கைத்தடிப் பெரியவர் பழைய மாணவராக வரவில்லை, உறுப்பினராக வந்தார்.

1930களில் மேரிலாந்துப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி கறுப்பின மாணவர்களைச் சேர்க்க மறுத்தபோது, அந்த வழக்கை எடுத்து நடத்தியதில் இந்த ஃபிரட்டர்னிட்டிக்குப் பங்கு உண்டு. வாதாடியவர்கள் சார்ல்ஸ் ஹூஸ்டன், தர்குட் மார்ஷல், இருவரும் உறுப்பினர்கள். மார்ஷல் பிறகு உச்ச நீதிமன்ற நீதிபதியானார். "வாக்கில்லாத மக்கள் நம்பிக்கையில்லாத மக்கள்" என்ற வாக்காளர் பதிவு இயக்கமும் அதே பத்தாண்டு.

கிங் 1952 இல் பாஸ்டனில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும்போது சேர்ந்தார். அவருக்கு நினைவிடம் வேண்டும் என்று உறுப்பினர்கள் 1984 இல் பேச ஆரம்பித்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் அனுமதி 1996 இல். செலவு சுமார் 12 கோடி டாலர், பெரும்பாலும் நன்கொடையாகத் திரட்டினார்கள். 2011 ஆகஸ்ட் 28, கிங்கின் புகழ்பெற்ற உரை நிகழ்ந்த தேதி, அன்று திறப்பு விழா என்று வைத்திருந்தார்கள். ஐரீன் புயல் வந்து அக்டோபர் 16க்குத் தள்ளிப்போனது. நினைவிடத்தின் முகவரி 1964 இண்டிபெண்டன்ஸ் அவென்யூ. 1964, இனப் பாகுபாட்டைத் தடைசெய்த சிவில் உரிமைச் சட்டம் வந்த ஆண்டு.

---

ரகு_பாஸ்டன்:

மீனா அக்கா, அருமை. கிரேக்க எழுத்துக்கு மட்டும் ஒரு துணுக்கு சேர்க்கிறேன்.

வழக்கத்தைத் தொடங்கிவைத்தது ஃபை பீட்டா கப்பா. 1776 டிசம்பர் 5, வர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்க், ராலி டேவர்ன் என்ற விடுதி. வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள், தலைமை ஜான் ஹீத். மூன்று எழுத்தும் ஒரு கிரேக்க வாசகத்தின் முதலெழுத்துகள்: ஞானத்தின் மேல் உள்ள காதலே வாழ்க்கைக்கு வழிகாட்டி. அவர்கள் சின்னம் முதலில் சதுர வெள்ளித் தகடு. ஒரு முகத்தில் எழுத்துகளும், சுட்டும் கையும், மூன்று நட்சத்திரமும். நட்சத்திரங்கள் நட்பு, ஒழுக்கம், கல்வி. பிற்பாடு தகட்டுக்குக் கீழே ஒரு தண்டு வைத்தார்கள், பாக்கெட் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க! இன்றைக்கும் அதைச் "சாவி" என்றுதான் சொல்கிறார்கள், கடிகாரம் போய்விட்டது.

ரகசியக் கைகுலுக்கல், சத்தியம் எல்லாம் வைத்திருந்தார்கள். ஃபிரீமேசன்கள் என்ற ரகசியச் சகோதரச் சங்கத்தாருக்கு எதிரான அலை அமெரிக்காவில் அடித்த நேரத்தில், 1831 இல் ஹார்வர்ட் கிளை ரகசியத்தைக் கைவிட்டது. இப்போது அது மதிப்பெண் பார்த்துச் சேர்க்கும் கௌரவச் சங்கம். தங்கி, சேர்ந்து வாழும் வகை ஃபிரட்டர்னிட்டிகளின் பிறப்பிடம் நியூயார்க்கில் ஸ்கெனெக்டடி, யூனியன் கல்லூரி, 1825 முதல்.

---

செங்கை குமார்:

மீனா அம்மா, ரகு தம்பி, இருவருக்கும் நன்றி. மகளையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். இப்போது அவள்தான் கேள்வி கேட்கிறாள்: கமலா ஹாரிஸ் முத்துமாலையோடு அடிக்கடி தெரிவாரே, அதுவும் இதே வகைச் சங்கத்தின் அடையாளமா? இன்னொன்று என் கேள்வி: சதீஷ் தம்பி சொன்ன ராகிங், இவர்களிடம் கிடையாதா? டிசம்பரில் இத்தாக்கா பக்கம் வருகிறோம், பார்க்க ஏதாவது இருக்கிறதா?

---

மீனா_இத்தாக்கா:

உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. ஆமாம், அது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, பெண்களுக்கானது, அதனால் சொரோரிட்டி. ஹோவர்டில் 1908 ஜனவரி 15 அன்று தொடங்கியது. முன்னின்றவர் எதெல் ஹெட்ஜ்மன். ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவின் கிளை அதே வளாகத்துக்கு வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. பையன்கள் ஆரம்பித்துவிட்டார்கள், நாம் சும்மா இருப்பதா என்று அவர்கள் கேட்டிருப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொள்வதுண்டு.

நிறம் சால்மன் இளஞ்சிவப்பும் ஆப்பிள் பச்சையும். சின்னம் ஐவி இலை. முத்துக்கு ஒரு கணக்கு உண்டு. முதலில் தொடங்கிய 9 பேர், அடுத்துச் சேர்ந்த 7 பேர், 1913 இல் சங்கத்தைச் சட்டப்படி பதிவு செய்தபோது பொறுப்பேற்ற 4 பேர், ஆக 20 முத்துகள். சியாமளா கோபாலனின் மகள் கமலா 1986 இல் ஹோவர்டில் சேர்ந்தது இந்தச் சங்கத்தில்தான்.

அந்த 1913 பதிவுக்குப் பின்னாலும் ஒரு சண்டை! சங்கத்தில் அப்போது இருந்த மாணவிகள் 22 பேர் பெயர், நிறம், சின்னம் எல்லாவற்றையும் மாற்றி, பொதுக் காரியங்களில் இன்னும் இறங்கி வேலை செய்ய வேண்டும் என்றார்கள். பட்டம் பெற்றுப் போயிருந்த நெல்லி குவாண்டர் ஒத்துக்கொள்ளவில்லை. 22 பேரும் பிரிந்து டெல்டா சிக்மா தீட்டா தொடங்கினார்கள். பெயரைக் காப்பாற்ற, குவாண்டர் அதே மாதம் பழைய சங்கத்தைப் பதிவு செய்தார். பிரிந்தவர்கள் மார்ச் 3 அன்றே வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்தார்கள். இரண்டு சங்கமும் இன்றைக்கும் பெரியவை, ஒன்றின் நிறத்தை மற்றதன் விழாவுக்குத் தெரியாமல் உடுத்திப் போய்விடாதீர்கள்.

இப்படிப் பழைய கறுப்பினச் சங்கங்கள் மொத்தம் ஒன்பது. கடைசியானது 1963 இல் பால்டிமோரில் வந்த அயோட்டா ஃபை தீட்டா.

ராகிங்: இருந்தது, இருக்கிறது. சதீஷுக்கு இந்த இடத்தில் முழு மதிப்பெண் கொடுக்கிறேன். புதியவர்களை வாரக்கணக்கில் வரிசை கட்டி நடத்திச் சோதிக்கும் முறையை 1990 இல் கறுப்பினச் சங்கங்கள் சேர்ந்து கைவிட்டன. கைவிட்டது காகிதத்தில். மறைவில் தொடர்ந்த இடங்களில் அடிபட்டிருக்கிறார்கள், உயிரும் போயிருக்கிறது. அனைவருக்கும் பணியாளர் என்று வாசகம் வைத்துக்கொண்டு, சேர வருகிற பையனை அடிப்பதை நான் எந்த வரலாற்றைக் காட்டியும் நியாயப்படுத்த மாட்டேன். 1904-05 இல் ஆறு பேரைத் துரத்திய தனிமைக்கு மருந்தாக வந்த சங்கம் அது.

இன்னொரு தகவல், யாராவது கேட்பதற்கு முன்: ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவில் இன்று கறுப்பினத்தவர் மட்டும்தான் சேரலாம் என்று இல்லை. அந்தக் கட்டுப்பாட்டை 1940களிலேயே விதியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இத்தாக்காவில் பார்க்க வேண்டியது: கார்னெல் வளாகத்தில் பார்ன்ஸ் ஹால் முன்னால் நிறுவனர்களுக்கு ஒரு நினைவுச் சுவரும் அதோடு சேர்ந்த பெஞ்சும் இருக்கின்றன. நூற்றாண்டையொட்டி 2005 நவம்பரில் அமைத்தார்கள். உறுப்பினர்கள் 700 பேருக்கு மேல் வளாகத்தில் அமைதியாக நடந்து வந்து அதைத் திறந்தார்கள். பிறகு கீழே இறங்கி வட ஆல்பனி தெரு. 421 ஆம் எண் இருக்கும் இடத்தைத் தெருவில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கிளீவ்லண்ட் அவென்யூவில் புனித ஜேம்ஸ் தேவாலயம். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த பழைய கறுப்பினத் தேவாலயம்.

டிசம்பர் 4 ஒட்டி வந்தால் கறுப்பு-தங்க ஜாக்கெட்டுகளைப் பார்க்க வாய்ப்பு உண்டு. நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள், பனி வழுக்கும். மலையை நடந்து ஏற முயல வேண்டாம், டவுன்டவுனிலிருந்து டிகேட் பஸ் வளாகத்துக்கே போகிறது.

---

சதீஷ்_சான்ஹோசே:

முழு மதிப்பெண்ணுக்கு நன்றிக்கா. அந்த மேரிலாந்து வழக்கைப் பற்றி மட்டும் தனி இழை போடுங்க, படிக்கிறேன்.

---

மீனா_இத்தாக்கா:

போடுகிறேன். சனிக்கிழமை நூலகம் சீக்கிரம் மூடும், அன்றைக்கு.